சிரிப்புக்கு விட்ட இடம்

பக்கத்து ஃப்ளாட்டின் சுவர் வழியாக அந்தச் சிரிப்பு வருகிறது. மாதவரத்துக்குக் குடிவந்த பிறகு லாரி ஹாரனுக்கும் விடிகாலைப் பால் வண்டிக்கும் காது பழகிவிட்டது. இதற்கு மட்டும் பழகவில்லை. பழைய காமெடித் தொடர் எதையோ டிவியில் மறுபடி போடுகிறார்கள். யாரோ என்னவோ சொல்கிறார்கள், சொன்னது சுவருக்குள்ளேயே கரைந்துபோகிறது, சிரிப்பு மட்டும் கரையாமல் இந்தப் பக்கம் வந்து விழுகிறது. தகரக் கூரையில் முதல் தூறல் மாதிரி நாலைந்து பேர், அப்புறம் சடசடவென்று கூட்டம், அப்புறம் ஓய்வு. எல்லாரும் முடித்த பின்னால் ஒரே ஒரு ஆள். ஆண் குரல். தாமதமாக, தனியாக, வழி கேட்டு வந்தவனைப் போல ஒரு சிரிப்பு.

அந்தக் கடைசி ஆளை எனக்குத் தெரியும். அவனை எனக்கு அடையாளம் காட்டியவளையும் தெரியும்.

"பக்கத்து வூடு, காதக் குடு. எல்லாரும் சிரிச்சு முடிச்சாங்களா? இப்ப ஒர்த்தன் வருவான் பாரு. வந்தானா? அவனுக்கு மட்டும் லேட்டாப் புரியுது. எந்த ஊரு ஆளோ. கட்டிக்கினா இவனத்தான் கட்டிக்கணும்."

சிரிப்பு ஒரு பெட்டியில் இருக்கிறது, எடிட்டிங் செய்கிறவர் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு எடுத்து ஊற்றுவார் என்று பழைய குடியிருப்பில் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லாத் தொடருக்கும் அதே பெட்டி. அதே கூட்டம். அதே கடைசி ஆள். அவர்களெல்லாம் எப்போதோ எதற்கோ சிரித்தவர்கள், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராயபுரத்தில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டி எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பு. ஒரே வராந்தா, நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அக்கா, அவள் அம்மா, தம்பி. இந்தப் பக்கம் நான். டீசலும் கருவாடும் கலந்த காற்று இரண்டு வீட்டுக்கும் பொது. அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் அந்தத் தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியாது. எல்லாருக்கும் அவள் அம்சவேணி. அவள் நடித்த காமெடித் தொடரில் அவளுக்கு வைத்த பெயர் அது. பெற்ற தாயே சில நாள் "அம்சா, பம்புல தண்ணி வருது பாரு" என்று கூவிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அக்கா என்னைப் "பக்கத்து வூடு" என்றுதான் கூப்பிட்டாள். ஆக, பெயரைத் தொலைத்த இரண்டு பேர் ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு இருந்தோம்.

அவள் நடிப்பதற்காகப் பிறந்தவள் இல்லை. அம்மாவோடு மீன் ஏலம் எடுக்கப் போனவள். ஏலம் கூவுகிற இடத்தில் யாரோ படப்பிடிப்புக்கு வயரைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். "கூடைய தலைல வெச்சிகினு ஜனங்க நடக்கற எடத்துல வயரு போட்டுகினு, இன்னா, சினிமா காட்றியா?" என்று கேட்டிருக்கிறாள். "ஆமாம்மா, சினிமாதான்" என்றாராம் ஒருவர். அவர்தான் அந்தத் தொடரின் டைரக்டர். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "அன்னிக்கு சங்கரா மீனு நல்ல வெல. நான் பாட்டுக்கு ஏலத்துல நின்னுகினு கீறேன். இவ வாய வுட்டுட்டா."

தொடரின் கதை இதுதான். துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு குடும்பம் தெற்கே அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறது. மூத்த மகள் அம்சவேணிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. வாரம் ஒரு மாப்பிள்ளை பெண் பார்க்க வருவான். அம்சவேணி காபித் தட்டோடு உள்வாசலில் வந்து நிற்பாள். வாயைத் திறப்பாள். மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேடுவார்கள். "நாம தெனம் பேசறதுதான் பக்கத்து வூடு. அத்தயே அங்க போயி பேசுனா அவங்களுக்கு காமெடி" என்பாள் அக்கா. அதை வருத்தமாகச் சொன்னாளா, வேடிக்கையாகச் சொன்னாளா என்று கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அவளிடம் சிக்கல். நான் சொல்லவந்ததே அதைத்தான்.

டைரக்டர் முதல் நாள் அவளுக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். வசனம் முடிந்ததும் ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்க வேண்டும். தலை லேசாகச் சாய வேண்டும். வலது புருவம் மேலே போக வேண்டும். அந்த இடத்தில்தான் பெட்டியிலிருந்து சிரிப்பை எடுத்து ஊற்றுவார்கள். அதற்குக் கேப்பு என்று பெயர். கேப்பு விடாமல் அடுத்த ஆள் பேசிவிட்டால் சிரிப்பு வந்து வசனத்தை மூடிவிடும், மறுபடி எடுக்க வேண்டும். "சிரிப்புக்கு எடம் வுடணும்" என்று அக்கா பயபக்தியோடு சொல்வாள். படகுக்குப் பூசை போடும்போது கூட அவள் முகத்தில் அவ்வளவு பக்தி பார்த்ததில்லை.

நாளாக ஆக அந்தக் கேப்பு அவள் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"அரிசி தீந்துபோச்சு பக்கத்து வூடு." புருவம். ஒரு மூச்சு.

"அம்மாவுக்கு கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது." புருவம். ஒரு மூச்சு.

அந்த ஒரு மூச்சுக்குள் எதிரில் நிற்பவர் சிரித்துவிடுவார். சிரித்து முடித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று உறைக்கும். ஊரே அப்படி ஆகிவிட்டது. பேருந்தில், மருந்துக் கடையில், கோயில் வரிசையில். அவள் வாயைத் திறந்தாலே எல்லார் உதடும் தயாராக நிற்கும். நான் மட்டும் என்ன, நானும்தான். அந்த மூச்சு நேரத்துக்கு ஒரு வழுக்கல் உண்டு. பாசிபிடித்த படியில் கால் வைத்த மாதிரி, போய்விட்டுத்தான் தெரியும்.

வசனம் மனப்பாடம் செய்ய என் வீட்டுக்கு வருவாள். அவள் வீட்டில் அம்மா ரேடியோ, தம்பி குறட்டை. என் அடுப்படி வாசலில் எவர்சில்வர் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "நீ மாப்ள வசனம் படி." எத்தனை மாப்பிள்ளைகளாக இருந்திருக்கிறேன். வங்கி மேனேஜர், ஜோசியர், சமையல்காரர், வெளிநாட்டுக்காரர். எல்லாராகவும் இருந்து அவளை வேண்டாம் என்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்து, புருவத்தைத் தூக்கி, நான் சிரிக்கும்வரை நிற்பாள். சிரித்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "டீ போடு" என்பாள், தோற்றுப்போன கட்சிக்காரரைப் போல.

கடலுக்குப் போகிறவனைப் பார்த்து 'போ' என்று அந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். விசைப்படகுக்குத் தம்பி கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று, "வந்துடு நைனா" என்பாள். அவ்வளவுதான். அக்கா அதை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டாள். தபால்காரர், கேபிள்காரர், யார் கிளம்பினாலும் "வாங்க, வாங்க" என்பாள். சிலிண்டர் போடப் புதிதாக வந்த ஒருவர், படி இறங்கிக்கொண்டிருந்தவர், அதைக் கேட்டு மறுபடி மேலே ஏறி வந்து, "என்னம்மா, எதுக்குக் கூப்டீங்க?" என்று நின்றார். "உன்னப் போன்னு சொல்ல வாய் வரலப்பா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். அது சத்தியமான பேச்சு என்று அவருக்கு எப்படித் தெரியும்.

ஒரு காலை. அடிபம்பில் பெண்கள் வரிசை, நானும் குடத்தோடு நிற்கிறேன். அக்கா வராந்தாவிலிருந்து இறங்கி வந்தாள். கையில் போன்.

"தம்பி கை வின்ச்சுல மாட்டிகிச்சாம்" என்றாள்.

தலை சாய்ந்தது. புருவம் போயிற்று.

வலை இழுக்கிற வின்ச்சு. இரும்புக் கயிறு சுற்றுகிற உருளை. அது என்ன செய்யும் என்று அந்த வரிசையில் இருந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி, "யாரு கூட ஜோடியா மாட்டிகினான்?" என்றுகூடக் கேட்டாள். அக்கா அந்த மூச்சு முடியும்வரை நின்றாள். நிற்க வேண்டும் என்று நிற்கவில்லை. உடம்பு நிறுத்திவைத்தது. மூச்சு முடிந்த பிறகுதான் ஓடினாள், ஒரு கால் செருப்போடு. சிரிப்பு அப்போதும் முழுதாக அடங்கவில்லை.

தம்பிக்கு இரண்டு விரல் போயிற்று. அதற்கப்புறம் அவன் கடலுக்குப் போகவில்லை. கரையில் ஐஸ் உடைக்கும் இடத்தில் கணக்கு பார்த்தான். பம்படியில் சிரித்த கதை எப்படியோ அவன் காதுக்குப் போய்விட்டது. "அவங்கள சொல்லிக் குத்தமில்லமே. நீ சிரிக்கறா மாதிரி சொல்லிருப்ப" என்றான் ஒரு நாள். சண்டையில் சொல்லவில்லை. சோறு பிசைந்துகொண்டே, இடது கையால், அமைதியாகச் சொன்னான். அக்கா எழுந்து என் வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளை வசனம் எதுவும் கேட்காமல், அடுப்படி வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் வந்த வேகத்தில் கதவைத் திறந்தாள். முகம் புதிதாக இருந்தது.

"பக்கத்து வூடு, இன்னிக்கு ஒர்த்தன் சிரிக்கல."

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பது எங்களுக்கு வானிலை மாதிரி. துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை நாள் கணக்கில் நிற்கும். அக்கா வந்த ஆட்டோவுக்கு ஒரு டிரெய்லர் வழி மறித்திருக்கிறது. தலையை வெளியே நீட்டி, "யோவ், இது ரோடா, உன் மாமியார் வூடா?" என்றிருக்கிறாள். புருவம். ஆட்டோக்காரர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்திருக்கிறார். லாரிக்காரர் மேலேயிருந்து குனிந்து பார்த்தாராம். அவள் இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பொறுமையாக, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, "அப்புறமுங்க?" என்றாராம்.

"அப்புறமுங்கன்றான் பக்கத்து வூடு. நாம அப்பாலன்றதத்தான் அப்டி சொல்றான். எனக்கு அப்பால இன்னா சொல்றதுன்னே தெர்ல."

அவருக்கு நாமக்கல் பக்கம். டிவி பார்க்கிற வாழ்க்கை இல்லை. அம்சவேணி யாரென்று தெரியாது. எதிரில் ஒரு பெண் பேசுகிறாள், நடுவில் நிறுத்துகிறாள், மீதியைச் சொல்வாள் என்று காத்திருக்கிறார். வரிசையில் நின்று நின்று காத்திருப்பது அவருக்குத் தொழிலாகவே ஆகியிருந்தது. அக்கா எர்ணாவூர் பக்கம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். போனில் பேசுவாள். சுவர் வழியாக எனக்குக் கேட்கும். அவள் ஏதோ சொல்வாள், மூச்சு நேரம் மௌனம், பிறகு அவள் மறுபடி பேசுவாள். நீளமாக, மெதுவாக, வசனம் இல்லாத பேச்சு. அப்பா கடலில் போனதை, அம்மா மூன்றாம் நாளே கூடை தூக்கியதை, தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனதை. பல வருஷம் சுவரைப் பங்குபோட்ட எனக்கு ஒன்றும் தெரியாது. கேப்புக்கு அந்தப் பக்கம் அவளிடம் இவ்வளவு இருந்தது. யாரும் அதுவரை கேட்டு நின்றதில்லை.

வீட்டில் சொன்னாள். "எனக்கு ஒர்த்தர புடிச்சிருக்கு. கட்டிக்கப் போறேன்." அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பி, "நெசமா சொல்றியா, ரிகர்சலா?" என்றான். மறுநாள் அக்கா என் கையைப் பிடித்தாள். "நீ போயி சொல்லு. நீ சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க." போய்ச் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "அந்தப் பாழாப்போன சீரியல்ல வாரா வாரம் எம்பொண்ண வேணான்றாங்க. பாத்துப் பாத்து எனக்கே பழகிப்போச்சும்மா." தம்பி கொஞ்ச நேரம் விரல் இல்லாத கையைத் தடவிக்கொண்டிருந்தான். அப்புறம், "வரச் சொல்லு. என் அக்காவ ஒர்த்தன் வந்து பாக்கட்டும்" என்றான்.

லாரிக்காரர் தன் அக்காவோடு பெண் பார்க்க வந்தார். அவரை வளர்த்தது அந்த அக்காதான். கண்டாங்கிச் சேலை, நெற்றி நிறைய திருநீறு, மடியில் பூப்பொட்டலம்.

எங்கள் அக்கா முன்யோசனையோடுதான் இருந்தாள். "நான் தட்டு தூக்க மாட்டேன். தூக்குனா ஊரு சிரிக்கும்" என்றாள். அதனால் அம்மாவே கலர் பாட்டில்களை உடைத்து டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தாள். "உள்வாசல்ல நிக்க மாட்டேன்" என்றாள். முன்னாலேயே வந்து பாயில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலைச் சாத்தி அதன் பக்கத்தில் என்னைக் காவலுக்கு வைத்தாள். அந்த வெயிலில், சாத்திய அறைக்குள், எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. லாரிக்காரரின் அக்கா விசிறிக்குச் சுற்றும் முற்றும் பார்த்தாள். அம்மாதான், "அந்த ஜன்னலத் தொறந்துடும்மா, பாவம்" என்றாள்.

திறந்தேன். வெளியே தெருவே நின்றது.

"கேமரா எங்க கீது?" என்றது ஒரு குரல். "உள்ள வெச்சிருப்பாங்க." "மாப்ள யாரு, புது ஆளா?" "நல்லா மேக்கப் போட்ருக்கான்டா, நெசமாலுமே டிரைவர் மாரியே கீறான்."

லாரிக்காரரின் அக்கா அதையெல்லாம் ஊர் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, எங்கள் அக்காவின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏனுங் கண்ணு, எந்தம்பியப் புடிச்சிருக்குதா?"

"புடிச்சிருக்கு" என்றாள் அக்கா.

அவள் வாழ்க்கையில் சொன்ன எல்லாவற்றையும் விட அது உண்மை. சொல்லி முடித்ததும் தலை சாய்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. புருவம் மேலே போயிற்று.

ஜன்னல் சிரித்தது. வாசல் சிரித்தது. மாடிப்படி சிரித்தது. பெட்டியைத் திறந்து கவிழ்த்த மாதிரி. அம்மாவின் வாய்கூடக் கோணியது, பாவம், அவளும் மனுஷிதானே.

அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். "கேலி பண்றதுக்குத்தான் இத்தன தொலவு வரச்சொன்னீங்களா?" என்றாள், கோபத்தைவிட அதிகமாகக் கூச்சத்தோடு. பூப்பொட்டலத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

"இருக்கா, இரு. அவங்க அப்படித்தான் பேசுவாங்க. இன்னும் முடிக்கல" என்றார் லாரிக்காரர். எங்கள் அக்கா பக்கம் திரும்பி, வழக்கம் போல, அமைதியாக, "அப்புறமுங்க?" என்றார்.

தெரு மறுபடி சிரித்தது.

அக்காவின் உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. போனில் எத்தனையோ நாள் பேசியவள்தான். ஆனால் எதிரில் ஆட்கள், சிரிப்புச் சத்தம், கேப்பு முடிந்துவிட்டது. தொடரில் கேப்புக்கு அப்புறம் அடுத்த ஆளுடைய வசனம். அவளுடையது எதுவும் எழுதியிருக்காது. அவள் அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தாள். அவர் அவளுக்காகக் காத்திருந்தார். அந்த அம்மாள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

போகும்போது அவர் தெருமுனையில் தனியாக நின்று என்னிடம் சொன்னார். "எங்கக்காவ நான் பேசிச் சரிபண்ணிக்கறேனுங்க. அவங்கள வெசனப்பட வேண்டாம்னு சொல்லுங்க." அதனால் அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை.

முடித்தது அக்காதான். மறுநாள் படப்பிடிப்பில் மேக்கப் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். என்ன என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். முதல் வாக்கியத்துக்கே சிரித்துவிட்டார்கள். "சிரிக்கச் சிரிக்க நெஞ்சு லேசாச்சு பக்கத்து வூடு. இன்னும் கொஞ்சம் சொன்னேன். இன்னும் சிரிச்சாங்க. கலர் பாட்டில சொன்னேன், ஜன்னல சொன்னேன், அந்தம்மா மாரி எந்திரிச்சுக் காட்னேன். கடசில அவரு சொல்றத்தையும் சொல்ட்டேன்." வசனம் எழுதுகிறவரும் அங்கேதான் இருந்தார்.

அடுத்த வாரங்களில் ஒரு நாள் தொடரில் அம்சவேணியைப் பெண் பார்க்க ஒரு லாரி டிரைவர் வந்தான். அவனுக்கு ஒரு அக்கா. அவள் பேச்சுக்கு ஒரு சிரிப்பு, திருநீற்றுக்கு ஒரு சிரிப்பு. அம்சவேணி எதைச் சொன்னாலும் அந்த டிரைவர் கண்ணை உருட்டி, "அப்புறமுங்க?" என்றான். பெட்டியில் இருந்த மொத்தச் சிரிப்பும் அந்தச் சொல்லுக்கே செலவானது. மறுநாள் காலையில் காசிமேட்டில் ஏலம் கூவுகிறவர்கூட விலைக்கு விலை "அப்புறமுங்க?" என்றார்.

"நடிக்க மாட்டேன்னு சொல்லிருக்கலாமேக்கா" என்றேன்.

"சொன்னேன்" என்றாள். புருவம். ஒரு மூச்சு. "சிரிச்சாங்க."

அந்தத் தொடர் பிறகும் கொஞ்ச காலம் ஓடியது. ஒரு நாள் முடிந்தது. அக்கா குடும்பம் அந்தக் குடியிருப்பைவிட்டு வேறெங்கோ போனது. நானும் இங்கே வந்துவிட்டேன். அவள் எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும் போதெல்லாம் எனக்கு அந்த ஒரு மத்தியானம்தான் நினைவுக்கு வருகிறது.

அந்த லாரி டிரைவர் கதை தொடரில் வந்து சில நாள் கழித்து லாரிக்காரர் போன் செய்திருந்தார். எர்ணாவூர் தாண்டி வரிசையில் நிற்கிறேன், வர முடியுமா என்று. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஷேர் ஆட்டோவில் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் எங்கனா புருவத்தத் தூக்குனா கிள்ளு. ரத்தம் வந்தாலும் பரவால்ல."

ஒரு பக்கம் லாரி வரிசை, முன்னும் முடிவு தெரியாது, பின்னும் தெரியாது. மறு பக்கம் கடலைத் தடுக்கப் போட்ட கருங்கல். டிரெய்லர் நிழலில் யாரோ ஸ்டவ் வைத்து ரசம் கொதிக்கவிட்டிருந்தார்கள். நிலக்கரித் தூசு எல்லாவற்றின் மேலும் சன்னமாக. அவர் ஒரு கல்லின் மேல் துண்டை விரித்து எங்களை உட்காரச் சொன்னார். தான் நின்றார். கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனோம். அவர் வெட்கத்தோடு இருந்தார்.

"முன்னாடி வண்டிக்காரரு போன்ல காட்டுனாருங்க" என்றார். "மொதல்ல எனக்குப் புரியலீங்க. எங்கக்கா மாதிரியே ஒரு அம்மா வருது. என்ன மாதிரியே ஒருத்தன். இதென்னடான்னு பாத்துட்டே இருந்தேன். அவன் அப்புறமுங்கன்னான். சிரிச்சுப்போட்டனுங்க."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கக்கா பாத்துட்டு ரெண்டு நாளு சாப்புடல. அது இருக்கட்டுங்க. நான் பேசிக்கறேன். எனக்கு உங்க மேல ஒண்ணும் வருத்தமில்ல. நீங்க சரின்னா தை மாசம் வெச்சுக்கலாமுங்க."

அக்காவின் விரல்கள் என் கைக்குள் தளர்ந்தன. கடல் கல்லில் மோதி இரைந்துகொண்டிருந்தது. அவள் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"நான் வேணும்னு சொல்லலங்க. அழுதுகினு இருந்தேன். இன்னான்னு கேட்டாங்க. சொல்ட்டேன். எனக்கு வேற மாரி சொல்ல வரமாட்டேங்குது. எந்தம்பி கை வின்ச்சுல போனப்பகூட நான் இப்டிதான் சொன்னேன்."

தலை சாய்ந்தது. நான் கிள்ளினேன். அதற்குள் புருவம் போய்விட்டது.

ஒரு மூச்சு நேரம். வழக்கமாக அவர் காத்திருக்கும் நேரம்.

அவர் சிரித்தார்.

தாமதமாக, தனியாக, லேசாக ஒரு சிரிப்பு. உடனே கையால் வாயை மூடிக்கொண்டார். "ஐயோ" என்றார். கண்களில் பயம் வந்துவிட்டது. அக்கா தலையை ஒரு பக்கம் வைத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை ஏற்கெனவே எங்கோ கேட்டிருப்பவளைப் போல.

"மன்னிச்சுக்குங்க. தெரியாம வந்துருச்சுங்க. நீங்க சொல்லுங்க." கையை எடுத்தார். கெஞ்சுகிற குரலில், உண்மையாக, பழைய பொறுமையோடு, "அப்புறமுங்க?" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் உதட்டோரமே துடித்தது. இனி அது அப்படித்தான். பக்கத்து டிரெய்லர் நிழலில் ரசம் கிண்டிக்கொண்டிருந்தவர் நன்றாகவே சிரித்தார்.

"அப்பால ஒண்ணுமில்லங்க" என்றாள் அக்கா. எழுந்து, துண்டை உதறி, நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தாள். "முன்னாடி வண்டி நகருது பாருங்க."

நகரத்தான் செய்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. அவர் மேலே ஏறினார். இன்ஜின் உறுமியது. கதவைச் சாத்தாமல், குனிந்து, முதல் நாள் பார்த்த மாதிரியே அவளைப் பார்த்தார்.

"அப்ப, வர்ட்டுங்களா?"

ஹாரன்கள் கத்தின. அவர் காத்திருந்தார். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"போங்க" என்றாள்.